நடுவீட்டில் வானம்

கொழும்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் காலிமுகத்திடலையும் சொல்வதில்லை, தாமரைக் கோபுரத்தையும் சொல்வதில்லை. கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதியிலிருந்து பிரிகிற 33ஆம் ஒழுங்கைக்குப் போங்கள் என்பேன். அதன் முடிவில் 11ஆம் இலக்க வீடு இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தான் குடியிருப்பதற்காகத் தானே செய்துகொண்ட வீடு. முன்கூட்டியே பதிவு செய்தால் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வீடுகள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியத்தில் எத்தனையோ வீடுகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வீட்டில்தான், வீடு என்றால் எப்படி இருக்கலாம் என்பதே எனக்கு விளங்கியது.

வீதியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கதவு, வாகனம் நிறுத்தும் இடம், அவ்வளவுதான். இப்போது கட்டுகிற வீடுகள் எல்லாம் வீதியைப் பார்த்தே அலங்கரித்து நிற்கின்றன. உயர்ந்த தூண்கள், நீலக் கண்ணாடி, பளபளக்கும் எவர்சில்வர் கைபிடி என்று போகிறவர் வருகிறவருக்கே எல்லாம். பாவாவின் வீடு தன் அழகு முழுவதையும் உள்ளே இருப்பவருக்கென்று வைத்திருக்கிறது. நுழைந்தவுடன் அவர் ஓட்டிய 1934ஆம் ஆண்டு றோல்ஸ் றொய்ஸ் கார் நிற்கும். அதைக் கடந்தால் ஒரு நீண்ட நடை. தரை வெள்ளை, சுவர் வெள்ளை, முகடு வெள்ளை. அந்த நடையின் கோடியில் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருக்கும். மின்விளக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தால் அங்கே கூரை இல்லை. வானம்!

அந்த இடத்தில் நான் வாய்விட்டே 'ஐயோ' என்றேன். கீழே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. ஒரு குதிரைத் தலைச் சிற்பம். பக்கத்தில் பழைய மரத்தூண்கள். அவை செட்டிநாட்டிலிருந்து வந்தவை. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் யாரோ ஒரு தச்சர் கடைந்த தூண் கடல் கடந்து வந்து, கொழும்பு ஒழுங்கை ஒன்றில், ஒரு முழ அகலத் தண்ணீருக்குத் துணையாக நிற்கிறது. பழைய பொருளை இப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் கற்றேன். வரவேற்பறை மூலையில் காட்சிக்கு வைப்பதற்கென்று அவர் அவற்றை வாங்கவில்லை. மழையும் வெயிலும் படுகிற இடத்தில், அவை பிறந்த வீட்டில் நின்றதுபோலவே முற்றத்து ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்.

இந்த வீட்டின் கதை, வீடு திருத்துகிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யவேண்டிய கதை. 1958ஆம் ஆண்டு பாவா இந்த ஒழுங்கைக்கு வந்தபோது இங்கே வரிசையாக நான்கு சிறிய வீடுகள் இருந்தன. அதில் மூன்றாவது வீட்டை எடுத்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் குசினி. பிறகு நான்காவது வீடு கிடைத்தது. அதைச் சாப்பாட்டு அறையாகவும் இன்னொரு கூடமாகவும் சேர்த்துக்கொண்டார். 1968 அளவில் மிச்ச இரண்டும் அவர் கைக்கு வந்தன. முதலாவது வீட்டை மட்டும் இடித்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளைக் கோபுரமாய் மேலே மேலே எழுப்பினார். மொட்டைமாடிக்கு ஏறினால் கொள்ளுப்பிட்டிக் கூரைகளும் மரங்களும் காலடியில் கிடக்கும். மற்ற மூன்று வீடுகளையும் இடித்துத் தள்ளாமல், கதவுக்குக் கதவு, சுவருக்குச் சுவர் கோத்து ஒரே வீடாக்கினார்.

நான்கு வீடுகள் ஒன்றாகக் கிடைத்தால் எங்களில் யாராக இருந்தாலும் நடுச்சுவர்களைத் தட்டிவிட்டு ஒரு கலியாண மண்டபம்போலக் கூடம் போட்டிருப்போம். பாவா செய்தது நேர்மாறு. அங்கே இங்கே கூரையைக் கழற்றினார். அறை இருந்த இடத்தில் ஒரு மரம், நடை முடிகிற இடத்தில் ஒரு தொட்டி, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம். கொழும்பு 3இல் ஒவ்வோர் அடி நிலமும் பொன். அந்தப் பொன்னில் ஒரு பங்கை எடுத்து வானத்துக்கு விட்டுக்கொடுத்த துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் அது ஒன்றுதான். வீட்டை நவீனமாக்குவது புதிதாக எதை வைக்கிறோம் என்பதைவிட எதைத் திறந்து விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

கண்ணுக்கு அழகு என்பதோடு இது நிற்பதில்லை. உடம்புக்கே தெரிகிற சுகம் இது. எங்கள் ஊர் வெப்பத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறும். மேலே வழி இருந்தால் போய்விடும். அதன் இடத்துக்கு நிழலில் குளிர்ந்த காற்று தாழ்வாரம் வழியாக வரும். வழி இல்லாவிட்டால் சூடு முகட்டுக்குக் கீழேயே தங்கி, இரவெல்லாம் எங்கள் தலைமேல் இறங்கும். முற்றம் என்பது வீட்டின் புகைபோக்கி. அதோடு வெளிச்சம். சன்னல் வழியாக வருகிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். முற்றத்தில் விழுந்து வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அறைக்குள் பரவி நிற்கும். சித்திரை மாத மத்தியானத்தில் 11ஆம் இலக்கத்துக்குள் நின்று பாருங்கள். நெரிசலான நகரத்தின் நடுவில், நான்கு பக்கமும் வேறு வீடுகள் நெருக்க, மூச்சு முட்டவேண்டிய இடம் அது. மனம் அப்படியே இளகிப்போகும்.

பாவா 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞரானவர். பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டு லண்டனில் கட்டடக் கலை படித்து 1957இல் தேறியபோது அவருக்கு 38 வயது. அதற்குப் பிறகுதான் பெந்தோட்டைக் கடற்கரை விடுதியும், 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றமும், கந்தலம விடுதியும் வந்தன. எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற நிறுவனத்தில் அவரோடு தோளுக்குத் தோள் நின்ற பங்காளி, பொறியியலாளர் பூலோகசுந்தரம். அவர் பெயரை எங்கள் ஆட்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை. பாவா வரைந்த கோடுகளைக் கல்லாகவும் மரமாகவும் நிற்கவைத்த கணக்கு அவருடையது. தமிழ்நாட்டிலும் பாவாவின் கைவண்ணம் உண்டு. மதுரையில் ஒரு சிறுவர் இல்லமும் ஒரு கிளப்பும், சென்னையில் கன்னிமரா விடுதியின் விரிவாக்கமும் அவர் செய்தவை. மதுரைக்காரர்களே, உங்கள் ஊரிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்!

இப்போது என் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமான வீட்டுக்கு வருகிறேன். பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா த சில்வாவுக்காக பாவா கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிய 5ஆம் இலக்க வீடு. 1960இல் தொடங்கி 1962இல் முடிந்தது. ஈனா கேட்டது சிங்களப் பிரபுக்களின் பழைய வளவு வீடுபோல ஒன்று. ஆனால் கணவருக்கு அலுவலகம் வேண்டும், மகனுக்கு ஓவியக்கூடம் வேண்டும், வழிபட ஓர் இடம் வேண்டும், விருந்தினருக்கு அறை வேண்டும். இடமோ நகரத்துக் காணி. அந்தக் காலத்தில் கொழும்பில் வீடு என்றால் காணிக்கு நடுவில் பங்களா, சுற்றிவரத் தோட்டம். பாவா அதைத் தலைகீழாகத் திருப்பினார். எல்லைச் சுவர் ஓரமாக அறைகளைக் கொண்டுபோய் வைத்து, தோட்டத்தை வீட்டுக்கு நடுவில் கொண்டுவந்தார். பெரிய முற்றம் ஒன்று, அதைச் சுற்றித் தாழ்வாரம், அதற்கப்பால் அறைகள், இடையிடையே குட்டி முற்றங்கள்.

இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்தார் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். நாற்சார் வீடு! எங்கள் பாட்டன் பூட்டன் வாழ்ந்த வீடு! ஆமாம், அதேதான். ஆனால் பாவா பழையதை அப்படியே பிரதி பண்ணவில்லை. பழைய நாற்சார் வீட்டில் அறைகள் இருண்டு கிடக்கும். முற்றத்தில் மட்டும் வெளிச்சம். இங்கே அறைகள் முற்றத்தை நோக்கி முழுதாகத் திறந்து கிடக்கின்றன. எங்கே நின்றாலும் இரண்டு மூன்று முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படும். அந்த ஆண்டுகளில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. உருக்கும் கண்ணாடியும் கிடைப்பது அரிது. பாவாவும் டென்மார்க்கிலிருந்து வந்து அவரோடு வேலை செய்த உல்ரிக் பிளெஸ்னரும் அதை ஒரு தடையாகவே எண்ணவில்லை. மண் ஓடு, செங்கல், கருங்கல், மரம் என்று கைக்கெட்டிய பொருள்களில் கட்டினார்கள். கண்ணாடி கிடைக்காத காலத்தில் கண்ணாடியே தேவைப்படாத வீடு. எவ்வளவு கம்பீரமான பதில்!

இந்த வீட்டின் அடுத்த கதைதான் என்னைப் பித்தாக்கியது. 2009இல் ஈனா இந்தக் காணியை விற்றார். நிலத்துக்கு விலை ஏறிய நகரத்தில் பழைய வீட்டின் கதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டை விரும்பியவர்கள் விடவில்லை. வீடு முழுவதையும் அளந்து வரைந்தார்கள். தூண், உத்தரம், கதவு, நிலை, தரையில் பதித்த கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினார்கள். பிறகு பகுதி பகுதியாகக் கழற்றி, 60 கிலோமீற்றருக்கும் அப்பால் பெந்தோட்டைக்குக் கிட்ட இருக்கும் லுணுகங்கைக்குக் கொண்டுபோனார்கள். பாவாவின் தோட்டத்து வளவு அது. அங்கே பல ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்து வீட்டைத் திரும்ப எழுப்பினார்கள். இன்றைக்கு நீங்கள் போனால் அதே முற்றத்தில் நிற்கலாம். இரவு தங்கவும் செய்யலாம்.

நான் தங்கினேன். விடியற்காலையில் எழுந்து தாழ்வாரத் தூண் ஒன்றில் சாய்ந்துகொண்டு, இந்தத் தூண் ஒருமுறை அல்பிரட் பிளேசில் நின்றது, இப்போது இங்கே நிற்கிறது, இரண்டு இடத்திலும் இது வீடுதான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து லொறியில் கொண்டுவந்து பூட்டுகிற வீடுகளைப் பற்றி இன்று உலகமெல்லாம் பேசுகிறார்கள். எனக்கும் அவற்றில் ஆசை உண்டு. பிரெஞ்சுக்காரர் ழான் புரூவே 1949க்கும் 1951க்கும் இடையில் வெப்ப நாடுகளுக்கென்று உருக்கிலும் அலுமினியத்திலும் செய்த வீட்டுப் பகுதிகள் விமானத்தில் ஆபிரிக்காவுக்குப் போயின. ஒன்று நியாமியில், இரண்டு பிரஸ்ஸவில்லில் பூட்டப்பட்டன. அவையும் பிற்பாடு கழற்றப்பட்டுப் பிரான்சுக்குத் திரும்பின. இரட்டைக் கூரை வைத்து நடுவில் காற்றோட விட்ட அந்த அறிவை நான் கும்பிடுகிறேன். ஆனால் கொழும்புத் தச்சர்களும் மேசன்மாரும் கையால் செய்த வீடும் அதேபோலக் கழற்றிப் பூட்ட முடிந்தது! ஒழுங்காக மூட்டுப் போட்ட மரத்துக்கும் ஒழுங்காக அடுக்கிய ஓட்டுக்கும் இரண்டாவது வாழ்க்கை உண்டு. சீமெந்தில் ஒரே கட்டியாக வார்த்த வீட்டுக்கு அது கிடையாது.

லுணுகங்கையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தெத்துவ வாவிக் கரையில் பழைய றப்பர் தோட்டம் ஒன்றை 1948இல் வாங்கிய பாவா, 1998இல் நோயில் விழும்வரை அரை நூற்றாண்டு அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இருந்த பங்களாவை இடிக்கவில்லை. வாசலை வேறு பக்கம் திருப்பினார், சுவரைத் திறந்து விறாந்தை ஆக்கினார், தூரத்து விகாரை கண்ணில் படுவதற்காகக் குன்றின் உச்சியையே தாழ்த்தினார். திருத்த வேலை ஒரு மாதத்தில் முடியவேண்டும் என்று ஒப்பந்தக்காரரை விரட்டுகிற எங்களுக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது. வீட்டில் குடியிருந்து, எந்த மாதம் எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, எந்தக் காற்று எப்போது வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினால்தான் வீடு ஆளுக்குப் பொருந்தும்.

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் அம்மம்மா வீடும் நாற்சார் வீடுதான். இடப்பெயர்வுக் காலத்தில் பூட்டிக் கிடந்து, பிறகு அம்மா போய் இருக்கத் தொடங்கியபோது உள்ளே பலகை மறைப்புகளும் தகரக் கூரையுமாக முற்றம் பாதி மூடிக் கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, காசு நான் அனுப்புறன். முத்தத்தை கொங்கிறீட் போட்டு மூடிவிடு. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள என்னத்துக்கு?" எனக்குப் பாவாவின் வீடுகள் தலைக்குள் நின்றன. "சித்தப்பா, அந்தக் காசில மூடியிருக்கிறதைத் திறக்கவிடுங்கோ" என்றேன். அம்மாதான் முடிவு சொன்னார்: "திறக்கட்டும் மோனை. நான் அந்த முத்தத்தில மழை விழுறதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தனான்."

முதலில் தகரத்தை எடுத்தோம். பலகை மறைப்புகளைக் கழற்றினோம். சரிந்துபோன வளைகளை மாற்றி, பழைய ஓடுகளில் நல்லதைப் பொறுக்கித் திரும்ப அடுக்கினோம். பாவா கையாண்ட ஒரு முறை உண்டு: நெளி சீமெந்துத் தகட்டைக் கீழே போட்டு அதன்மேல் மண் ஓடு பரப்புவது. ஓடு வெயிலைத் தாங்கும், கீழே இருப்பது மழையைத் தடுக்கும். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு நாங்கள் ஓட்டுக்குக் கீழே நீர் புகாத விரிப்பு ஒன்று போட்டோம். தாழ்வார விளிம்பைச் சுற்றிப் புதுப் பீலி. முற்றத்துத் தரையை ஒரு மூலைக்குச் சரிவாக்கி, தண்ணீரை ஒரு கல் குழிக்குள் விட்டோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு கிடையாது; மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணற்றில் ஊற்று. முற்றத்தில் விழுகிற தண்ணீர் எங்கள் கிணற்றுக்கே போகிறது.

குசினியை மட்டும் முழுதாகப் புதுப்பித்தோம். இடுப்பு உயர மேடை, எரிவாயு அடுப்பு, இழுப்பறை, குழாய்த் தண்ணீர். குளியலறையை அம்மா இரவில் இறங்கி நடக்காமல் போகக்கூடியபடி உள்ளே கொண்டுவந்தோம். பழமையைக் காப்பது என்ற பெயரில் அறுபது வயதைத் தாண்டியவரைக் கிணற்றடிக்கு அனுப்புவது அன்பாகாது. பாவாவும் தன் வீட்டில் வாழ்ந்தவர்தான், அருங்காட்சியகம் நடத்தியவர் அல்லர். மறைப்புகளை எடுத்த அன்றைக்கு எங்கள் மேசன் நடுமுற்றத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இப்பதான் வீடு தன்ர பாட்டில மூச்சு விடுது." இப்போது அம்மா மத்தியானத்தில் மின்விசிறி போடுவதில்லை. தாழ்வாரத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு புத்தகம் வாசிக்கிறார். மாரி மழை தொடங்கினால் அயலட்டைப் பிள்ளைகள் எங்கள் முற்றத்துக்கு ஓடிவருகிறார்கள். சித்தப்பா விடுமுறையில் வந்தவர், இரவில் பாயைக் கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் விரித்துவிட்டார்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு, திருத்தப் போகிறவர்களுக்கு, நான் உரிமையோடு சொல்கிறேன். வரைபடம் போட உட்காரும்போது எத்தனை அறை என்று தொடங்காதீர்கள். முதலில் வானத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். பெரிய முற்றத்துக்கு வசதியில்லாவிட்டால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாலடிக்கு நாலடி போதும். ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கும், காற்று ஏறிப்போகும். அடுத்ததாகக் கூரை விளிம்பை நீட்டுங்கள்; சுவரில் வெயிலும் மழையும் படாது. குளிரூட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எதிரெதிர் யன்னல்களுக்குக் கொடுங்கள். இடிபடுகிற வீடுகளிலிருந்து வரும் கதவையும் தூணையும் ஓட்டையும் விறகுக்குப் போகவிடாதீர்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள், கண்ணாடி போட்டு அடைத்த பல்கனியை ஒரு கிழமை திறந்துவிட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை நீங்களே சொல்வீர்கள்.

இதற்கெல்லாம் வெளிநாட்டுச் சாமானோ பெரும் பணமோ தேவையில்லை. இறக்குமதி நின்றுபோன காலத்தில், நகரத்துக் காணி ஒன்றில், இந்தத் தீவின் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு உலகமே வந்து பார்க்கிற வீடு ஒன்றைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். கட்டிய தச்சரும் மேசனும் எங்கள் ஊர்க்காரர்கள். அந்தக் கைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் தொழிலில் இருக்கிறார்கள், நல்ல வேலை கொடுத்தால் பூரித்துப்போய்ச் செய்கிறார்கள். மூடித்தாருங்கள் என்று நாம் கேட்பதால்தான் மூடித் தருகிறார்கள். திறந்துதாருங்கள் என்று கேளுங்கள். செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.